திரும்பி ஏறும் நேரம்
(ஒன்றிய அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேந்தமங்கலம் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் நின்றால் கொல்லிமலை கண்ணெதிரே தெரியும். தினமும் பார்க்கிற மலைதானே என்று நம் பிள்ளைகள் பலர் அங்கே போனதே இல்லை. அவர்களை அழைத்துப் போகப் போகிறவர்களுக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். அதில் தவறு செய்தவன் நான்தான்.

காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்களே என்று பயந்து, “காலையில் யாரும் சாப்பிட வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். வளைவுகளைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பெருமைதான்.

அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. சாதாரண மலை என்றால் தெம்பாக இருக்கும்போது ஏறுவோம், களைத்தபின் இறங்குவோம். பள்ளத்தாக்கில் இது தலைகீழ். இறங்கும்போது ஓடாத பிள்ளையே இல்லை. “மெல்லப் போங்கள்” என்று நான் கத்தியது அருவிச் சத்தத்தில் போய்விட்டது.

கீழே நல்ல பாடம் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். இந்த ஐயாற்றுத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். “புளியஞ்சோலைக்கு சார், எங்க மாமா ஊர்ப் பக்கம். நான் அங்க குளிச்சிருக்கேன்” என்றான் ஒருவன். திருச்சி மாவட்டத்தில் அவன் குளித்த ஆற்றின் மேல்பகுதியில் இப்போது நிற்கிறான்! வரைபடத்தை விரித்து இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு பாடவேளை ஆகியிருக்கும்.

ஏறும்போது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து, கால் நடுங்கியது. “என்னம்மா சாப்பிட்டாய்?” என்றேன். “நீங்கதானே சார் சாப்பிட வேண்டாம்னு சொன்னீங்க” என்றாள். முந்தின நாள் இரவும் சரியாகச் சாப்பிடவில்லையாம். சாப்பாட்டு மூட்டையோ மேலே வண்டியில். படியோரம் அன்னாசி விற்ற மலையாளி இனத்து அம்மா ஒருவர் பழம் நறுக்கிக் கொடுத்து, தண்ணீரும் தந்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார வைத்து நாங்கள் மேலே வந்து சேரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அந்த வெளிச்சத்தில்தான் 70 வளைவுகளும் இறங்கினோம்.

இப்போதெல்லாம் புறப்படுமுன் இரண்டு இட்லியாவது சாப்பிட வைக்கிறேன். கடலை மிட்டாயும் தண்ணீரும் கீழே இறங்கும் ஆசிரியர் பையிலேயே இருக்கும். இறங்கிய நேரத்தைப் போல மூன்று மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குகிறேன். ஓர் ஆசிரியர் கடைசிப் பிள்ளைக்குப் பின்னால்தான் வருவார். முடியாத பிள்ளையைக் கோயிலருகே இன்னோர் ஆசிரியரோடு இருக்க வைக்கிறேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அருவிக்குத் தடை போடுவார்கள். அதனால் முதல் நாளே வனத்துறையிடம் கேட்டுவிடுகிறேன்.

அந்த மாணவி அடுத்த ஆண்டும் பெயர் கொடுத்தாள். பட்டியலில் அவள் பெயரைப் பார்த்ததும் நான் முதலில் அவள் அம்மாவுக்குத்தான் போன் செய்தேன்.