அனகாபுத்தூர் புடவையும் கூகுள் தேடலும்

பல்லாவரத்தைத் தாண்டி, அடையாற்றங்கரையில் இருக்கிறது அனகாபுத்தூர். ஒரு காலத்தில் இங்கே நெய்த கட்டம்போட்ட துணி, மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. 1970-களில் நைஜீரியா துணி இறக்குமதிக்குத் தடை போட்டதும் தறிகள் குறைய ஆரம்பித்தன. மிஞ்சிய நெசவாளர்களில் சிலர் வாழைநாரையும் மற்ற இயற்கை நார்களையும் பருத்தியோடு, பட்டோடு சேர்த்துப் புடவை நெய்யத் தொடங்கினார்கள். இன்று வெளியூர்க்காரர்கள் அனகாபுத்தூரைத் தெரிந்துவைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் புடவைகளால்தான்.

அப்படி ஒரு புடவையைச் சொந்த இணையதளத்தில் விற்க நினைக்கும் குடும்பத்தை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன். குரோம்பேட்டை நகைக்கடைக்கும் சேலையூர் பல் மருத்துவருக்கும் இதே கணக்குதான்.

இணையத்தில் வாங்குகிறவர் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது. நாரின் மினுமினுப்பு, கரையின் அகலம், முந்தியின் வேலைப்பாடு எல்லாவற்றையும் படம்தான் காட்ட வேண்டும். ஆகவே நல்ல வெளிச்சத்தில் நிறையப் படம் எடுக்கிறோம், எடுத்த கையோடு அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு படம் 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம் என்ற அளவில் இருக்கும். எடை மூன்று நான்கு எம்பி வரும். பார்க்கிறவரின் போன் திரையோ பெரும்பாலும் 1080 புள்ளி அகலம்தான். பத்துப் படம் போட்ட பக்கம் முப்பது நாற்பது எம்பி ஆகிவிடும். கூட்டம் நெரியும் மின்சார ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேடுகிற பெண், அந்தப் பக்கம் திறக்கும்வரை காத்திருக்க மாட்டார். பின்னால் போய் அடுத்த கடையைத் தொடுவார்.

பக்கத்தின் முக்கியமான படம் இரண்டரை விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படத்தின் எடையைக் குறைக்கச் செலவு எதுவும் இல்லை. ஸ்குவூஷ் என்று ஒரு இலவசக் கருவி பிரவுசரிலேயே திறக்கும். படத்தின் அகலத்தை 1200 புள்ளிக்குக் குறைத்து, வெப்பி என்ற வடிவத்தில் சேமித்தால் நான்கு எம்பி படம் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் வந்துவிடும். வெப்பி புதிதல்ல, கூகுள் 2010-லேயே அறிமுகப்படுத்தியது. சேமிக்கும் முன் முந்தியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நார் இழை குழம்பித் தெரிந்தால் தரத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். புடவைப் படத்தில் எடையைக் குறைக்கிறேன் என்று இழையைத் தொலைத்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் தளம் செய்துதருபவரிடம் சொல்லிவையுங்கள்: கீழே உள்ள படங்கள் தாமதமாக வரலாம், உச்சியில் உள்ள படம் உடனே வர வேண்டும்.

எடைக்கு அடுத்து எழுத்து. படத்தில் இருப்பது புடவை என்று கூகுளின் கணினி தானாகவே கண்டுகொள்ளும். அது வாழைநார் என்றோ, அனகாபுத்தூர்த் தறியில் நெய்தது என்றோ அதற்குத் தெரிய வழியில்லை. கேமரா தானாக வைத்த எண்கள் நிறைந்த கோப்புப் பெயரும் எதையும் சொல்லாது. ஊர், பொருள், நிறம் இந்த மூன்றையும் நடுவே சிறு கோடு போட்டுக் கோப்புக்குப் பெயராக வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் என்ற விவரக் குறிப்பு எழுத இடம் இருக்கும். அதில், 'அனகாபுத்தூர்க் கைத்தறி வாழைநார்ப் புடவை, மஞ்சள் உடல், பச்சைக் கரை' என்று எழுதலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அந்தக் குறிப்பைத்தான் உரக்கப் படிக்கிறது. தேடலை விட்டுவிட்டாலும், அந்த ஒரு காரணத்துக்காகவே இதை எழுத வேண்டும் என்பேன். 'சென்னை, தாம்பரம், பல்லாவரம், மலிவு, சிறந்த' என்று ஊர்ப்பெயர்களையும் விளம்பரச் சொற்களையும் அதில் திணிக்காதீர்கள். கூகுள் அதைத் தவறாகத்தான் எடுத்துக்கொள்ளும். காதால் கேட்பவருக்கோ பெரும் தொல்லை.

நம் பகுதிக் கடைகளின் தளங்களில் பெரிய குறை போஸ்டர்கள்தான். விலை, முகவரி, தொலைபேசி எண், திறக்கும் நேரம் அத்தனையும் ஒரே வண்ணப் படத்துக்குள் அடங்கியிருக்கும். அந்த எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. முகவரியைப் பக்கத்தில் எழுத்தாகவே எழுதுங்கள். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவாகி, ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. ஆனாலும் மக்கள் தேடுவது சிட்லபாக்கம், பம்மல், பெருங்களத்தூர் என்று பழகிய பெயர்களில்தான். அந்தப் பெயரும் முகவரியில் இருக்கட்டும்.

படத்தைச் சரிசெய்தால் முதலிடம் நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளூர்த் தேடலுக்குக் கூகுள் சொல்லும் அளவுகோல்கள் பொருத்தம், தூரம், பிரபலம் என மூன்று. தூரத்தை நாம் மாற்ற முடியாது. படமும் அதன் குறிப்பும் கைகொடுப்பது பொருத்தத்துக்கு. படக் கோப்புக்குள் கடை இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் புகுத்தித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களும் உண்டு. படங்களுக்கான கூகுளின் வழிகாட்டுதலில் அப்படி ஒரு யோசனையே இல்லை. அந்தப் பணத்துக்கு நல்ல விளக்கு ஒன்று வாங்கலாம்.

கூகுள் மேப்பில் கடைக்கான பிசினஸ் புரொஃபைல் கணக்கு இருந்தால், அங்கே ஏற்றும் படம் ஜேபிஜி அல்லது பிஎன்ஜியாக, 10 கேபிக்கு மேல் 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். முதலில் வாசலைத் தெருவோடு சேர்த்து எடுத்துப் போடுங்கள். தாம்பரத்தில் கிழக்கு, மேற்கு என்று தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. தவறான பக்கம் இறங்கியவர் படியேறி மறுபக்கம் வர வேண்டும். சண்முகம் சாலைக் கடை என்றால் பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகையும் படத்தில் தெரியட்டும். இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒருவருடைய கடைப் படம் வேண்டாம். நேரில் வருகிறவர் வாசலிலேயே குழம்பிப்போவார்.

தளத்தில் செய்த மாற்றம் கூகுளுக்குப் போய்ச் சேரச் சில நாட்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். தீபாவளிக்குப் புடவை விற்க நினைக்கிறவர்கள் ஐப்பசி பிறக்கட்டும் என்று காத்திருக்காமல், ஆடியிலேயே படம் எடுத்து ஆவணிக்குள் ஏற்றிவிடுங்கள்.