வர்ணம் என்றொரு சொல்



தொப்பூர்க் கணவாயில் லாரிகள் இறங்கும் சத்தத்தோடுதான் நம் நினைவுச் சொற்பொழிவுகள் நடக்கின்றன. இம்முறை நிறத்தைப் பற்றிப் பேச நினைத்தோம்.

வர்ணம் என்றால் ஓவியருக்குச் சாயம். கச்சேரிப் பாடகருக்குத் தொடக்கத்தில் பாடும் உருப்படி. மனுவுக்கு மனிதரை அடுக்கும் ஏணி. அந்த ஏணியின் கடைசிப் படியில்கூட நமக்கு இடமில்லை, அவர்ணர் என்றார்கள். நிறமற்றவர் எனப்பட்ட நாம்தான் கூத்தில் அரிதாரம் குழைத்தோம், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் தெரியும்படி முகம் எழுதினோம்.

முடிக்கு வருவோம். நமக்கு முடிவெட்ட மறுக்கும் கடைகள் இன்னும் ஒழியவில்லை. அதற்காகவே தருமபுரிக்குப் பஸ் ஏறியவர்கள் நம்மில் உண்டு. கத்தரி பிடித்தவரும் ஒடுக்கப்பட்டவர்தான். மறுக்க வைத்தது அவரை மிரட்டிய ஊர் என்பதை மறக்கக் கூடாது. எண்ணெய் காணாத நம் தலையைச் செம்பட்டை என்று கேலி செய்தார்கள். இன்று நம் பையன் காசு கொடுத்துச் செம்பு நிறம் ஏற்றினால் 'புள்ளிங்கோ' என்கிறார்கள். அதிலுள்ள வேலைத்திறன் யார் கண்ணிலும் படுவதில்லை. கருமுடியை முதலில் வெளுக்க வேண்டும். அது சிவந்து, ஆரஞ்சாகி, மஞ்சளாகும். எந்த நிலையில் நிறுத்திக் கழுவுவது என்பது கைப்பக்குவம். தாமதித்தால் முடி பொசுங்கிப்போகும்.

பறையிலும் அதே பக்குவம்தான். வைக்கோல் தீயில் காட்டினால் தோல் இறுகி ஒலி ஏறும். கூடினால் தோல் கிழியும். விரலால் ஒரு தட்டு, போதும், தெரிந்துவிடும். இசைக்கும் நிறம் உண்டென்று நாம் சொல்வது இதைத்தான். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்ததும் போராட்டம், மேடையில் எடுத்து அடிப்பதும் போராட்டம். இரண்டில் எது சரி என்று நமக்குள் சண்டை இருக்கிறது. இருக்கட்டும். பறையைக் கீழே வைத்த பெரியவர்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

நீலம் நமக்குச் சினிமா தந்ததல்ல. 1942இல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடியே நீலம்தான். 2018இல் 'காலா'வின் இறுதிக் காட்சியில் கறுப்பும் சிவப்பும் நீலமும் திரையெங்கும் பறந்தபோது எழுந்த விசிலில் அந்த நினைவும் இருந்தது.

ஏப்ரல் 14க்கு முன்பு சிலைக்குப் புதுச்சாயம் அடிக்கிறோம். பல ஊர்களில் சிலை கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது. கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்துத்தான் கோட்டுக்கு நீலம் பூசுகிறோம்.