பங்கு வாங்க முன்
(வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பங்குச் சந்தையைப் பற்றி இன்று பேசவேண்டுமெனச் செயலாளர் கேட்டுக்கொண்டார். இப்பொருளுக்கு இச்சபையில் என்ன வேலை என்று பெரியோரிற் சிலர் ஐயுறலாம். கைத்தொலைபேசியிலேயே கணக்குத் திறக்கும் வசதி 2020ஆம் ஆண்டு வந்துவிட்டது. கொழும்புக்கு ரயிலேற வேண்டியதில்லை. திண்ணையிலிருந்தபடியே பங்கு வாங்கலாம். வெளிநாட்டில் உழைக்கும் தமையன்மாரின் காசும் அவ்வழியே போகத் தொடங்கியிருக்கின்றது. ஆதலின் பேசத்தான் வேண்டும்.

பங்கு என்னுஞ் சொல் நமக்குப் புதிதன்று. வீட்டிலுள்ள காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். இத்தனை பரப்புக் காணியும், கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும், வழிவாய்க்கால் உரித்தும் என்று எழுதியிருக்கும். கிணறு ஒன்று, பங்காளர் எண்மர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை உண்டு. கிணறு தூர்ந்தால் எண்மரும் செலவு கொடுக்கவேண்டும். நீர் வற்றினால் எண்மரின் பயிரும் வாடும். என் பங்கைத் தா என்று கிணற்றுக்கட்டிலே கல்லைப் பெயர்த்துக்கொண்டு போக ஒருவருக்கும் உரிமையில்லை. வேண்டாமென்றால் பங்கை இன்னொருவருக்கு விற்கலாம், அவ்வளவே.

கம்பனிப் பங்கும் இத்தகையதே. பங்கு வாங்கியவர் கம்பனிக்குக் கடன் கொடுத்தவரல்லர்; அதன் சொந்தக்காரருள் ஒருவர். வங்கியில் நிலையான வைப்புப் போட்டால், தவணை முடிவில் முதலும் வட்டியும் கேட்டுப் பெறலாம். பங்குக்குத் தவணையுமில்லை, வட்டியுமில்லை. கம்பனி இலாபமீட்டி, பணிப்பாளர் சபையும் கொடுக்க முன்வந்தால் பங்கிலாபம் கிடைக்கும். கிடையாவிட்டால் வழக்காட இடமில்லை. கிணற்றுக்கும் கம்பனிக்கும் ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வரையறுத்த கம்பனி முறிந்துபோனால் பங்குக்குக் கொடுத்த காசு போகும். அதற்குமேல் அதன் கடனுக்காக உங்கள் வீட்டுப் படலையை ஒருவரும் தட்டமுடியாது.

இந்நாட்டிலே பங்கு வியாபாரம் 1896ஆம் ஆண்டில், கொழும்புப் பங்குத் தரகர் சங்கத்தோடு தொடங்கிற்று. கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை பயிரிட வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பெருமுதல் தேவைப்பட்ட காலம் அது. 1985இல் எல்லோருக்குமான சந்தை அமைந்தது. அதனை மேற்பார்க்கும் ஆணைக்குழுவுக்கு 1987ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. இவ்வளவு வரலாறு போதும். நமக்கு அண்மையிலேயே இருந்த ஓர் உதாரணத்துக்கு வருகின்றேன்.

காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டு சீமெந்து உற்பத்தி தொடங்கியதைப் பெரியோர் அறிவர். பின்னாளில் அங்கே லங்கா சீமெந்துக் கம்பனியும் ஆலை நடத்திற்று. அதன் பங்குகள் கொழும்புச் சந்தையிற் பட்டியலிடப்பட்டிருந்தன. 1990இல் யுத்தத்தினால் ஆலை நின்றது. அப்பங்கை வைத்திருந்தவர் காலியிலே இருந்தாலென்ன, கண்டியிலே இருந்தாலென்ன, காங்கேசன்துறைக்கு வந்த கேடு அவருக்கும் வந்த கேடேயாகும். ஆலை ஓடாத காலத்திலும் பல ஆண்டுகள் அந்தப் பங்கு பட்டியலில் இருந்தது. பெயர் இருந்தது, புகைபோக்கியிற் புகை இல்லை. பட்டியலில் ஒரு பெயரைக் கண்டவுடன் வாங்கத் துடிக்கும் வாலிபர் முதலில் விசாரிக்கவேண்டியது இதுதான்: அந்தப் பெயருக்குப் பின்னால் ஓடுகின்ற தொழில் உண்டா? ஐந்து வருடக் கணக்கில் இலாபம் உண்டா? கடன் எவ்வளவு? ஆண்டறிக்கையில் இவையெல்லாம் அச்சிடப்பட்டிருக்கும். படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். தோட்டம் வாங்குகிறவர் மண்ணைக் கிள்ளிப் பார்க்காமல் வாங்குவாரா?

விலை மலிவா, உயர்வா என்பதற்கும் தோட்டக் கணக்கே உதவும். காணியின் விலையை ஆண்டுக் குத்தகையோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றோமல்லவா? ஒரு பங்கின் விலை 50 ரூபா. அப்பங்குக்குக் கம்பனி ஆண்டில் உழைப்பது 5 ரூபா எனின், விலை பத்து வருட உழைப்புக்குச் சமன். உழைப்பு ஒரு ரூபாவாயின் ஐம்பது வருடம். ஒரு பங்கு 5 ரூபாவுக்கு விற்கின்றது என்பதனால் மட்டும் அது மலிவாகிவிடாது.

வாங்குவதும் விற்பதும் உத்தரவு பெற்ற தரகர் மூலமே நடைபெறும். பங்குகள் கடதாசியாக அல்லாமல், 1991இல் ஏற்பட்ட மத்திய வைப்பு முறைமையில் உங்கள் பெயரிற் பதிவாகும். சந்தையில் நீங்கள் கொடுக்கும் காசு கம்பனிக்குப் போவதில்லை, விற்றவருக்கே போகின்றது. கம்பனி புதிதாகப் பங்கு வெளியிடும்போது மாத்திரமே அது கம்பனியைச் சேரும். 2005இல் டயலொக் கம்பனி பொதுமக்களுக்கு 12 ரூபா வீதம் பங்கு விற்றது அத்தகையது. பெயர்பெற்ற கம்பனிதான், ஆயினும் பிற்காலத்தில் அப்பங்கு அவ்விலைக்குக் கீழும் இறங்கியதுண்டு. இன்னொன்று: ஒரே கம்பனிக்கு இருவகைப் பங்கு இருக்கலாம். கொமர்ஷல் வங்கியில் வாக்குரிமையுள்ள பங்கும் உண்டு, வாக்குரிமையில்லாப் பங்கும் உண்டு, விலையும் வேறு. எதை வாங்குகிறோமென்று பார்த்து வாங்குங்கள்.

தரகும் பிற கட்டணங்களுமாக ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நூற்றுக்கு 1.12 வீதம் போகும். 50 ரூபாப் பங்கு நூறு வாங்கினால் 5,000 ரூபாவோடு 56 ரூபா சேரும். அதையே 51 ரூபாவுக்கு விற்றால், கட்டணம் கழித்துக் கைக்கு வருவது 5,043 ரூபா அளவே. விலை ஏறியும் நட்டம்! காலையில் வாங்கி மாலையில் விற்கும் வாலிபர் யாருக்காக உழைக்கின்றார் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

யுத்தம் முடிந்தபின் சந்தையில் ஒரு வெறி உண்டாயிற்று. 2008 முடிவில் 1,500 புள்ளியளவில் இருந்த விலைச் சுட்டெண் 2011 மாசியில் 7,800ஐத் தாண்டிற்று. தரகர் கடனுக்குப் பங்கு வாங்கிக் கொடுத்தனர். வீழ்ச்சி தொடங்கி, 2012 நடுப்பகுதியிற் சுட்டெண் 5,000க்குங் கீழே நின்றது. இடையில் ஆணைக்குழுவின் தலைவர் இருவர், ஒருவர் பின் ஒருவராகப் பதவி விலகினர். காவற்காரருக்கே காவல் செய்வது எளிதாயிருக்கவில்லை. கடன்பட்டு வாங்கியவரின் கணக்கைப் பாருங்கள். கையில் ஒரு இலட்சம், கடன் ஒரு இலட்சம். விலை நூற்றுக்கு நாற்பது இறங்கினால் இரண்டு இலட்சம் ஒன்றேகால் இலட்சமுமில்லாமற் போகும். கடனைத் தீர்த்தால் மீதி இருபதினாயிரம். பங்கு இழந்தது நாற்பது. அவர் இழந்தது எண்பது. வட்டி வேறு.

அப்படியாயின் இது சூதுதானே, வங்கியில் வைப்போமென்று பெரியோர் சொல்வர். அதிலே பாதி உண்மையுண்டு. 2022 புரட்டாதியில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை நெருங்கியபோது, வைப்பிலிருந்த காசு எண்ணிக்கையிற் குறையவில்லை. வாங்கும் வலு கரைந்தது. அதே சுட்டெண் 2025இல் 20,000 புள்ளியைத் தாண்டிற்று. இதைச் சொல்லும்போதே அஞ்சுகின்றேன். பாதி கேட்டு எழுந்து போகிறவர் நாளைக்கே சீட்டுக்காசைக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்.

எந்தக் காசைப் போடலாம் என்பதிலேதான் முழு விஷயமும் இருக்கின்றது. தங்கையின் சீதனத்துக்கு வைத்த காசு, அடுத்த தவணைச் சர்வகலாசாலைச் செலவு, கழிக்கவேண்டிய சீட்டு, ஈடு மீட்கும் காசு ஆகிய இவையெல்லாம் நாள் குறித்த காசு. பங்குக்கு நாள் தெரியாது. 2020 பங்குனியிற் கொள்ளை நோயினால் மூடிய சந்தை வைகாசியிலேதான் திறந்தது. 2022 சித்திரையிலே பொருளாதார நெருக்கடியால் ஐந்து வேலைநாள் மூடிக் கிடந்தது. அந்நாட்களில் மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றால் கைத்தொலைபேசியைக் காட்டி என்ன சொல்வது? ஐந்து வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாத காசு உண்டாயின், அதிலும் ஒரு பகுதியை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து கம்பனிகளிற் பிரித்து, சிறிது சிறிதாகப் போடலாம். உண்டாகாதவர் இப்போதைக்குப் படித்துக்கொண்டிருக்கட்டும்.

வாட்ஸ்அப் குழுக்களிலே இன்ன பங்கு நாளை ஏறும் என்று செய்தி வருகின்றது. நாளை ஏறுவது நிச்சயமாயின், அதை அறிந்தவர் முன்பின் தெரியாத இருநூறு பேருக்கு ஏன் சொல்கின்றார்? தாம் வைத்திருப்பதை விற்க ஆள் வேண்டியே சொல்கின்றார் என எண்ணுவதே விவேகம். பங்கு வாங்கித் தருகிறேன் என்று தம் சொந்தக் கணக்குக்குக் காசு கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். உத்தரவு பெற்ற தரகரின் பெயர்ப்பட்டியல் பங்குச் சந்தையாரிடம் உண்டு.

முடிவாகப் பெரியோருக்கு ஒன்று. 1991க்கு முன் பங்குகள் கடதாசிச் சான்றிதழ்களாகவே இருந்தன. கொழும்பில் உத்தியோகம் பார்த்த தகப்பனார், பேரனார் வைத்துச் சென்ற அத்தகைய கடதாசி பழைய பெட்டிகளிற் கிடக்கக்கூடும். எறிந்துவிடாதீர்கள். கம்பனியின் பெயரையும் சான்றிதழ் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு அதன் செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். கம்பனி பெயர் மாறியிருக்கலாம், வேறொன்றோடு சேர்ந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். இருந்தால், உரித்தாளர் என்பதைக் காட்டும் பத்திரங்களோடு பெயர் மாற்றிக்கொள்ள வழியுண்டு. இப்போது வாங்குகின்ற வாலிபரும் கணக்கு விபரத்தை வீட்டில் ஒருவருக்கேனும் சொல்லி வையுங்கள். கைத்தொலைபேசிக்குள்ளே இருப்பது பெட்டியிலே கிடைக்காது.