சிறைவாசல் திறந்த பின்



ஒரு வழக்கு முடிந்துவிட்டதென்று சட்டத்தரணிகளாகிய நாம் எப்பொழுது சொல்கிறோம்? நீதவான் தீர்ப்புரைத்ததும் கோவையைக் கட்டி அலுமாரியில் வைத்துவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், போதைப்பொருள் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்ணொருத்திக்காக வாதாடினோம். தண்டனை குறைந்தது. நன்றாக முடிந்த வழக்கென்றே எண்ணினோம். விடுதலையான அன்று மாலை அவர் எம் அலுவலகப் படியேறி வந்து, "ஐயா, இன்றிரவு நான் எங்கே படுப்பது?" என்று கேட்டார். கணவன் வீட்டார் படலையைப் பூட்டிவிட்டனர். தமையன் வீட்டிலோ மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இப்போதைக்கு வரவேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். பஸ் செலவுக்குச் சிறிது பணம் கொடுத்து அவரை அனுப்பினோம். இரண்டு மாதஞ் செல்லுமுன் அதே நீதிமன்றக் கூண்டில் அவரைக் கண்டோம். நாம் தலைகுனிந்து நின்றோம் என்பதை இந்த அவையில் மறைக்கப் போவதில்லை.

இதே கேள்விக்கு விடை கண்ட ஒரு பெண்மணி அமெரிக்காவில் இருக்கிறார். பெயர் சூசன் பேர்ட்டன். 1982ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பொலிஸ் அதிகாரி ஒருவர் ஓட்டிச் சென்ற வாகனம் மோதி அவருடைய ஐந்து வயது மகன் இறந்தான். அத்துயரைத் தாங்கமாட்டாமல் முதலில் மதுவையும், பின்னர் கொக்கெயினையும் நாடினார். அதன் விளைவாக ஆறு முறை சிறை சென்றார். ஒவ்வொரு முறையும் கலிபோர்னிய அரசு 200 டொலரைக் கையிற் கொடுத்து வெளியே விட்டது. பஸ் வந்து நிற்கும் இடமோ வீடற்றோர் நடைபாதையிற் படுத்துறங்கும் பகுதி. சிறையிலிருந்து வரும் பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளங் காணத் தெரிந்தவர்கள் அங்கே இருவர்: போதை விற்பவன் ஒருவன், பெண்ணை விற்பவன் மற்றொருவன். இரவுக்குமுன் அந்த 200 டொலர் யார் கைக்குப் போகுமென்பதை விளக்க வேண்டுமோ?

1997இல் சாண்டா மொனிக்கா என்னும் கடற்கரை நகரில் அவருக்குச் சிகிச்சை கிடைத்தது. வசதி படைத்தோர் வாழும் அந்த ஊரில், போதையோடு பிடிபட்டவரை நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பும் வழக்கம் இருப்பதைக் கண்டார். அவர் வாழ்ந்த ஏழைகளின் பகுதியிலோ அதே குற்றத்துக்குச் சிறை! ஒரே சட்டப்புத்தகம், இரண்டு ஊர், இரண்டு நீதி. முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்து மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு 1998இல் வாட்ஸ் பகுதியிலே சிறு வீடொன்றைத் திறந்தார். தாமே பஸ் நிலையத்துக்குப் போய் நின்று, இறங்கிய பெண்களை அழைத்து வந்தார். அன்று தொடங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அந்த இல்லங்களில் தங்கிப் போயிருக்கிறார்கள்.

அங்கே நடப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. படுக்க ஒரு கட்டில், பூட்டத்தக்க ஒரு கதவு, போதையில்லாத வீடு, போதையை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம், அடையாளப் பத்திரம், வேலை, பிள்ளையை மீட்க ஒரு சட்டத்தரணி. இந்தக் கடைசி உதவி எத்தகையது என்பதை ஒரு சட்டமே காட்டும். அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, 22 மாதங்களில் 15 மாதங்கள் அரசின் பராமரிப்பில் இருந்த பிள்ளையின்மீது பெற்றோருக்குள்ள உரிமையை நீக்க, சில விலக்குகள் தவிர, மாநில அரசு மனுச் செய்தல் வேண்டும். ஒன்றரை ஆண்டு சிறையிருந்த தாய்க்கு இதன் பொருள் என்ன? தண்டனை முடிகிறது, பிள்ளை போய்விடுகிறது. பிள்ளையை இழந்த துயரிலே போதையைத் தொட்டவரின் கதையை இப்பொழுதுதான் சொன்னோம்.

உயிர் பற்றிய கணக்கொன்றும் உண்டு. வொஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்த 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007இல் வெளியாயிற்று. வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்களின் மரண அபாயம் ஏனையோருக்கு உள்ளதைப் போல 12.7 மடங்கு, போதைப்பொருளை மிகையாக எடுத்து இறக்கும் அபாயமோ 129 மடங்கு. காரணம் எளிது. சிறையிலிருக்கும் காலத்தில் போதையைத் தாங்கும் வலு உடலிற் குறைந்துவிடுகிறது. வெளியே வந்தவர் பழைய அளவையே எடுக்கிறார். அந்த அளவு இப்போது கொல்கிறது. நாற்றுமேடையிற் பிடுங்கிய கன்றை நண்பகல் வெயிலில் நட்டு, நிழலும் கட்டாமல் தண்ணீரும் வாராமல் வீடு திரும்பும் கமக்காரன் இந்த அவையில் எவருமிலர். முதல் இரண்டு வாரம் என்றால் என்னவென்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எமது நாட்டுக்கு வருவோம். வீடில்லாமல் திரிவதைக் குற்றமாக்கும் கட்டளைச் சட்டத்தைப் பிரித்தானியர் 1841ஆம் ஆண்டில் இங்கே இயற்றினர். போதையில் தங்கியிருப்போரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமென 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பெண் கைதிகள் பற்றிய 70 பாங்கொக் விதிகளை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2010 டிசெம்பரில் ஏற்றுக்கொண்டது. விடுதலைக்குப் பின்னும் மருத்துவ, சட்ட, நடைமுறை உதவி அளித்தல் வேண்டுமென அவை கூறுகின்றன. கடதாசியில் குறைவில்லை. அன்றிரவு கட்டில் எங்கே என்பதற்கே விடையில்லை.

"மாடாய் உழைப்பவனுக்கே ஒழுங்கான வீடில்லை, இவர்களுக்கு ஏன்?" என்று நேற்று ஒரு பெரியவர் எம்மிடம் கேட்டார். கோபத்தில் நியாயம் உண்டு. உழைப்பவனுக்கு வீடு கேட்டுப் போராடும் கடமையிலிருந்து நாம் விலகவில்லை. ஆனால் ஐயா, அந்தப் பெண் மீண்டும் சிறைக்குப் போனால் அவருக்குச் சோறும் காவலும் யார் பணத்தில்? உங்கள் பணத்தில்தான். பிள்ளைகள் அநாதை இல்லத்துக்குப் போனால் அதுவும் உங்கள் பணத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சிலருக்கு இது கசக்கும். குடித்துச் சிறை சென்ற ஆண்மகன் திரும்பி வந்தால் தாய் கதவைத் திறக்கிறாள், மனைவி சோறு போடுகிறாள், ஊர் நாலு நாள் பேசி ஓய்கிறது. அதே குற்றத்துக்குப் பெண் சென்றால் ஊர் ஓய்வதேயில்லை. சமவுரிமை பற்றி மேடைகளில் முழங்கும் நாம், எமது படலையில் எந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறோம்?

மூன்று அறையும் நல்ல தண்ணீர்க் கிணறும் உள்ள வளவு ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம். சொந்தக்காரர் தைமாதம் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஓராண்டு வாடகையில் பாதி சேர்ந்திருக்கிறது. அந்த வீட்டில் பெண்களோடு தங்கியிருக்க ஓய்வுபெற்ற தாதி ஒருவர் முன்வந்துள்ளார். வழக்குகளைக் கட்டணமின்றி நாம் பார்ப்போம். நெல்லாகவோ மரக்கறியாகவோ தர விரும்புவோர் கூட்டம் கலையுமுன் வாசலிலுள்ள மேசையில் பெயரைப் பதியுங்கள். பெயர் வெளியே வரவேண்டாமென்று விரும்புவோர் அதையும் சொல்லுங்கள், எழுதாமல் வாங்கிக்கொள்கிறோம்.