பாம்பு வராமல் போயிருந்தால்?

தரமணி ரூம்ல ஃபேனை நிறுத்திட்டுப் பேசறேன், அதனால இன்னைக்குச் சின்ன எபிசோடுதான். குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்கள் பத்திப் பேசலாம். குறிப்பா, 'நீ எப்படி இருக்கியோ அப்படியே இரு'ன்னு சொல்ற புத்தகங்கள்.

இந்த வகையில நம்ம ஊர்லயே அருமையான புத்தகங்கள் இருக்கு. சென்னையில 1996ல ஆரம்பிச்ச தூலிகா பதிப்பகம் தமிழ் உட்பட ஒன்பது மொழிகள்ல படக்கதைகள் போடறாங்க. அதுல ஒண்ணு 'காளி அண்ட் த ராட் ஸ்னேக்', அதாவது காளியும் சாரைப்பாம்பும். 2000ல வந்தது. எழுதினவர் ஜாய் விட்டேக்கர், படம் ஸ்ரீவித்யா நடராஜன்.

காளி ஒரு இருளர் பையன். அப்பா பாம்பு பிடிக்கிறவர். பள்ளிக்கூடத்துல காளிக்கு நண்பர்கள் இல்லை. அவன் சாப்பாட்டைப் பார்த்து மத்த பசங்க சிரிக்கிறாங்க. அப்பாவோட வேலையைச் சொல்லவே அவனுக்குக் கூச்சம். ஒருநாள் வகுப்புக்குள்ள ஒரு சாரைப்பாம்பு வந்துடுது. எல்லாரும் அலறும்போது காளி மட்டும் போய்ப் பிடிக்கிறான். அதுக்கப்புறம் அவன்தான் ஹீரோ.

இதை என் அக்கா பொண்ணுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஆறு வயசு. கடைசிப் பக்கம் முடிஞ்சதும் கேட்டா: "மாமா, பாம்பு வரலைன்னா அவன்கூட யாரும் பேசியிருக்க மாட்டாங்களா?"

அந்தக் கேள்வி எனக்குள்ள அப்படியே நின்னுடுச்சு. ஏன்னா நிஜத்துலயும் அப்படித்தான் நடந்திருக்கு.

தரமணியிலிருந்து ஈசிஆர் பிடிச்சு, கோவளம் தாண்டிப் போனா வடநெம்மேலி. முதலைப் பண்ணை இருக்கற இடம். அங்கேதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. முன்னாடி பாம்புத் தோல் வியாபாரத்தை நம்பித்தான் நிறைய இருளர் குடும்பங்கள் இருந்தாங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் அந்தப் பிழைப்பு போச்சு. 1978ல இந்தச் சங்கம் உருவாச்சு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலையும் பிடிச்சு, விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுலயே விட்டுடுவாங்க. இந்தியாவுல பாம்புக்கடிக்குப் போடற மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்துல பெரும்பங்கு ரொம்ப காலமா இங்கிருந்துதான் போகுது.

2023ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. சந்தோஷமான விஷயம், ரொம்ப முன்னாடியே கொடுத்திருக்கணும். ஆனா யோசிச்சுப் பாருங்க, பாம்பு பிடிக்கத் தெரியாத இருளரை நமக்குத் தெரியுமா? செங்கல் சூளையில, அரிசி ஆலையில வேலை பார்க்கற இருளர் குடும்பத்துப் பிள்ளை வகுப்புல வந்து உட்கார்ந்தா, பக்கத்துல உட்கார அதுக்கு ஒரு சாரைப்பாம்பு வரணுமா?

எனக்கு இது கொஞ்சம் சொந்த விஷயமும்கூட. இன்ஜினியரிங் முதல் வருஷம் எனக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனா சி புரோகிராமிங் நல்லா வந்துச்சு. லேப் தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி என் ரூம்ல கூட்டமா இருக்கும். தேர்வு முடிஞ்ச மறுநாள் மெஸ்ல நான் தனியாத்தான் சாப்பிடுவேன். உதவுற வரைக்கும்தான் மதிப்புன்னா, அது மதிப்பு இல்லைங்க, சம்பளம்.

இந்த இடத்துலதான் இன்னொரு தூலிகா புத்தகத்தைச் சொல்லணும். 2019ல வந்த 'குட்லி ஹேஸ் விங்ஸ்'. எழுதி, படமும் போட்டவர் கனக் சசி. குட்லியை வீட்டுல எல்லாரும் பையன்னு சொல்றாங்க. குட்லி தன்னைப் பொண்ணுன்னு சொல்றா. அவளுக்கு ஃபிராக் போடணும். வீட்டுல ஒத்துக்கலை. துள்ளிட்டு இருந்த பிள்ளை வாடிப்போகுது. கடைசியில அம்மாவே ஒரு ஃபிராக்கைக் கொண்டுவந்து கொடுக்கறாங்க.

அவ்வளவுதான் கதை. குட்லி யாரையும் காப்பாத்தலை, போட்டியில ஜெயிக்கலை, அழகாப் பாடி அப்பா மனசை மாத்தலை. பிள்ளை வாடறதைப் பார்த்தாங்க, அது போதுமானதா இருந்துச்சு.

இதனால காளி கதை மட்டம்னு சொல்ல வரலை. அப்பாவோட வேலையை நினைச்சுக் கூச்சப்பட்ட பிள்ளை, அதே வித்தையால நிமிர்ந்து நிக்கறது பெரிய விஷயம். எந்தப் பிள்ளைக்கும் அந்தத் தருணம் கிடைக்கணும். ஆனா அந்த ஒரு வகைக் கதையை மட்டுமே கொடுத்தா, திறமை எதுவும் வெளியே தெரியாத பிள்ளை 'என் பாம்பு எப்ப வரும்'னு காத்துட்டே இருக்கும். ரெண்டு புத்தகமும் ஒரே அலமாரியில இருக்கட்டும்.

காளி கதையை நீங்க வாசிச்சுக் காட்டினா ஒண்ணு பண்ணுங்க. முடிச்சதும், பாம்பு வர்றதுக்கு முன்னாடி இருக்கற பக்கங்களுக்குத் திரும்பிப் போங்க. "இங்க நீ இருந்திருந்தா காளிகிட்ட என்ன பேசியிருப்ப?"ன்னு பிள்ளைகிட்ட கேளுங்க. என் அக்கா பொண்ணு, "உன் டிபன்ல என்னன்னு கேட்பேன்"னு சொன்னா.

உங்க வீட்டுல என்ன பதில் வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.