அம்புக்குறி என்ன சொல்கிறது?



யாருடைய நினைவாக இந்தப் பொழிவு நடக்கிறதோ, அந்த ஆசிரியை கேள்வி கேட்ட பிள்ளையை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் நானும் ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். உயர்நிலை, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆய்வின் கருத்துச் சட்டகத்தை, அதாவது எது எதை எப்படிப் பாதிக்கிறது என்ற நம் எண்ணத்தின் வரைவை, எழுதக் கற்றுத்தருவது எப்படி?

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்துவருகிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊரின் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்கிறார்கள். அதற்கு வழிகாட்டி ஆசிரியராக இருந்த ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான்: முதல் நாளே வினாப்பட்டியல் தயாராகிவிடும், மறுநாள் வீடு வீடாகப் போவார்கள், தகவல் குவிந்துவிடும். சட்டகம் கடைசி வாரத்தில், சார்ட் பேப்பரில், வண்ணப் பெட்டிகளாக வரும். சமையல் முடிந்த பிறகு அரிசி அளப்பதைப் போல.

ஒரு குழு டெங்குவை எடுத்துக்கொண்டது. அவர்கள் வரைந்து வந்த படத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் ‘குப்பை’, மற்றதில் ‘டெங்கு’, நடுவில் ஓர் அம்பு. “இந்த அம்பை வாயால் சொல்லுங்கள். குப்பை என்ன செய்கிறது?” என்றேன். “கொசு வரும் சார்” என்றார்கள். “எந்தக் கொசு?” பதில் இல்லை.

வினாப்பட்டியலை ஒரு வாரம் மூட்டை கட்டி வைத்தோம். பிள்ளைகள் படித்தார்கள், சுகாதார ஆய்வாளரைப் போய்ப் பார்த்தார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் ஓரளவு சுத்தமான நீரை நாடுவது. பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

அப்படியானால் குப்பையை அடித்துவிடலாமா? பழைய டயரும் தேங்காய்ச் சிரட்டையும் மழைநீரைப் பிடித்து வைக்கின்றன. அழுகும் காய்கறிக் கழிவு வைப்பதில்லை. ‘குப்பை’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருந்தன. அவற்றைப் பிரித்த அன்றுதான் அவர்கள் சட்டகம் எழுதத் தொடங்கினார்கள் என்பேன்.

அப்போது ஒரு மாணவி எழுந்து, “எங்க தெருவுல நாலு நாளைக்கு ஒருதரம்தான் சார் தண்ணி வருது. அண்டாவை எப்படிக் காலி பண்றது?” என்றாள். எங்கள் படத்தின் முதல் பெட்டி அவள் வீட்டிலிருந்து வந்தது. இறுதியில் நோட்டில் நின்றது இந்தப் பத்தி: ‘குழாய்த் தண்ணீர் வரும் இடைவெளி கூடினால் வீட்டில் நீர் பிடித்து வைக்கும் பாத்திரங்கள் கூடும். ஒரு வாரத்துக்கு மேல் தேய்த்துக் கழுவாத பாத்திரத்தில் புழு வளரும். இறுக மூடிய பாத்திரத்தில் இந்தத் தொடர் அறுந்துபோகும்.’ படமே இல்லாமல் படித்தாலும் இது புரியும். ‘டெங்கு’ பெட்டியை அவர்களே நீக்கினார்கள். காய்ச்சலின் காரணத்தைப் பிள்ளைகளால் அளக்க முடியாது. எத்தனை வீடுகளில் கொசுப்புழு இருக்கிறது என்று எண்ண முடியும். கொசு ஒழிப்புத் துறையினரும் நூற்றுக்கு எத்தனை வீடு என்றுதான் கணக்கிடுகிறார்கள். ஆய்வு எங்கே நிற்கும் என்பதையும் சட்டகம் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1970களில் ஜோசப் நோவாக் குழுவினர் கருத்து வரைபடத்தை உருவாக்கியபோது, கோட்டின் மேல் இணைப்புச் சொல் எழுதுவதை அதன் உயிராக வைத்தார்கள். வகுப்பில் நான் வைத்துக்கொண்ட விதியும் அதுவே: வினைச்சொல் எழுத முடியாத அம்பை அழித்துவிடு. எழுத முடிந்தால், பக்கத்தில் ஒரு குறி போடு. இது பிறர் கண்டறிந்ததா, நம் ஊகமா? ஊகம் என்றால், எதைப் பார்த்தால் அது தவறு என்று ஒப்புக்கொள்வாய்? கோட்பாட்டுச் சட்டகம், கருத்துச் சட்டகம் என்ற வேறுபாட்டை மனப்பாடம் செய்யவைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. பதினைந்து வயதுக்கு இந்தக் கேள்விகள் போதும்.

தவறான அம்பு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு மலேரியாவே சாட்சி. கெட்ட காற்று என்பதே அந்தப் பெயரின் பொருள். சதுப்பு நிலத்துக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை மக்கள் சரியாகவே கண்டிருந்தார்கள். நடுவிலிருந்த அம்புதான் பிழை. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட பிறகே அது திருந்தத் தொடங்கியது.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வினாப்பட்டியலுக்கு முன்பு சட்டகத்துக்கென இரண்டு வாரம் கொடுங்கள். அதை நோட்டில் தேதியிட்டு எழுதவையுங்கள். தேதி இல்லாவிட்டால், கிடைத்த விடைக்கேற்பப் படத்தை மாற்றும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். அது அவர்கள் குற்றமில்லை. சரியான விடைக்கு மட்டுமே மதிப்பெண் தந்து நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

அந்தக் குழுவுக்கும் அந்தச் சோதனை வந்தது. தொட்டியும் அண்டாவும் இறுக மூடியிருந்த ஒரு வீட்டில் புழு இருந்தது. தேடித் தேடி, ஃபிரிட்ஜின் பின்புறம் நீர் சொட்டும் தட்டில் கண்டுபிடித்தார்கள். “சார், நம்ம படம் தப்பாயிடுச்சு, அழிச்சிடலாமா?” என்று பயந்தபடி வந்தார்கள். அழிக்க வேண்டாம் என்றேன். பழைய படம் அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் பச்சை மையால் புதிய பெட்டி ஒன்று வரைந்து, அன்றைய தேதியைப் போட்டார்கள்.