தீவின் மன்றமும் வாக்காளர் பட்டியலும்



ஒரு நாட்டின் பாராளுமன்றம் எவ்விதம் அமைகிறது என்று வினவினால், அரசியல் சாசனத்தைப் புரட்டிப் பார்ப்பது நம் வழக்கம். சாசனத்துக்கு அடுத்தபடியாக நாம் புரட்ட வேண்டிய ஏடு வாக்காளர் பட்டியல். இவ்வுண்மையைத் தெள்ளிதின் உணர்த்துவது நம் அண்டைத் தீவாகிய இலங்கை.

இன்றைய இலங்கைப் பாராளுமன்றம் 1978-ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி இயங்கும் ஒற்றைச் சபை. முன்னிருந்த செனட் என்னும் மேற்சபை 1971-இல் நீக்கப்பட்டது. அங்கத்தினர் தொகை 225. இவர்களுள் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகின்றனர். எஞ்சிய 29 பேர், கட்சிகள் நாடு முழுவதிலும் பெற்ற வாக்குகளின் விகிதப்படி தேசியப் பட்டியல் வழியே வருகின்றனர். தொகுதிக்கு ஒருவர் என்னும் நம் நாட்டு முறை அங்கு இல்லை. வாக்காளர் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ வாக்களித்து, அதன் அபேட்சகர்களுள் மூவர் வரை விருப்பு வாக்கும் இடலாம். மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து வாக்கேனும் பெறாத கட்சிக்கு இடமில்லை. முதலாவதாக வந்த கட்சிக்கு ஓரிடம் உபரியாகக் கிடைக்கும். மற்றவை விகிதப்படி பங்கிடப்படும்.

கோட்டேயில் தியவன்ன ஏரியின் நடுவே, ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1982-இல் திறக்கப்பட்ட கட்டடத்தில் மன்றம் கூடுகிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றனுள் எதிலும் அங்கத்தினர் பேசலாம். மொழிபெயர்ப்பாளர்கள் அதனை உடனுக்குடன் ஏனைய மொழிகளில் செவிக்கருவி வழியே சேர்ப்பிக்கின்றனர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு அப்பணியின் அருமை நன்கு விளங்கும். எழுத்தில் பெயர்ப்போர் ஒரு சொல்லுக்காக அகராதியைப் புரட்டலாம். அவர்களுக்கோ மூச்சு விடும் நேரமே அவகாசம். மசோதா ஒன்று நிறைவேறி, சபாநாயகர் சான்றளித்துவிட்டால், பின்னர் எந்த நீதிமன்றமும் அச்சட்டத்தின் செல்லுபடியை ஆராய இயலாது. ஆதலின் மன்றத்தினுள் இடம்பெறுவது அங்கே இரட்டிப்பு முக்கியம் உடையதாகிறது.

இனி, அவ்விடத்தை இழந்தோரின் வரலாற்றைக் காண்போம். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில், மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டமும், 1949-இன் தேர்தல் திருத்தச் சட்டமும், தேயிலையும் ரப்பரும் வளர்த்த அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரைப் பட்டியலினின்று நீக்கின. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரஸ் ஓரிடமும் பெறவில்லை. மக்கள் அதே லயன் வீடுகளில்தான் வாழ்ந்தனர். பெயர் மட்டும் ஏட்டில் இல்லை. தொண்டமான் இடையில் நியமன அங்கத்தினராக இருந்தபோதிலும், மீண்டும் தேர்தலில் வென்று மன்றம் புகுந்தது 1977-இல். இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன.

வாக்கு இல்லாதோரைப் பற்றிப் பிறரே தீர்மானித்தனர். 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று வகுத்தது. 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவு செய்யப்படும் என விடப்பட்டது. அங்ஙனம் தாயகம் திரும்பியோருள் ஒரு பகுதியினர் நம் கர்நாடகத்திலேயே, சுள்ளியா, புத்தூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் வந்தது.

பட்டியல் சுருங்கினால் இடமும் சுருங்கும் என்பதற்கு யாழ்ப்பாணமும் சான்று. மாவட்ட இடங்களுள் பெரும்பகுதி, பதிவான வாக்காளர் தொகையைக் கொண்டே வகுக்கப்படுகிறது. 2010-இல் ஒன்பதாக இருந்த யாழ்ப்பாண மாவட்டத்தின் இடங்கள், 2015-இல் ஏழாகி, 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆறாயின. போரும் புலம்பெயர்வும் ஏட்டில் பதிந்த வடு அது.

பிற மாநிலங்களில் வாழும் நாம் இதனை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். பெங்களூரில், கன்னடப் பேரகராதி தந்த ஜெர்மானியர் கிட்டலின் பெயரால் கிட்டல் நகர் என்றும் வழங்கும் ஆஸ்டின் டவுனில் குடியிருக்கும் நம்மவரிடையே, "ஓட்டு ஊரில் இருக்கிறது, இங்கே எதற்கு?" என்னும் பேச்சு காதில் விழுவதுண்டு. குழாயில் நீர் வராவிடின் முறையிடும் இடம் இவ்வூரே அன்றோ? நம் சட்டம் எவர் மொழியையும் கேட்பதில்லை. வழக்கமாக வசிக்கும் இடம் எது என்று மட்டுமே கேட்கிறது. பெயர் ஓரிடத்தில்தான் இருக்கலாம். புதிதாய்ச் சேர்வோர்க்கு ஆறாம் படிவம். குடிபெயர்ந்தோர்க்கு எட்டாம் படிவம். பதினெட்டு வயது நிறைவைக் கணிக்கும் நாளும் இப்பொழுது ஆண்டுக்கு நான்கு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி.

மலைநாட்டு மக்கள் அரைநூற்றாண்டுக்கு மேல் போராடி மீட்ட உரிமை, நமக்கு ஒரு படிவத்தின் தூரத்தில் இருக்கிறது. இவ்வாரமே பட்டியலை எடுத்து, நம் வீட்டார் பெயர்களைச் சரிபார்ப்போமாக.